ஒரு கோடி ரூபாய் எலெக்ட்ரிக் கார் பாதி விலையில்... தாம்பரம் பக்கம் வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்? ரிப்பேர் செலவு எவ்வளவு?

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைகளைப் பார்த்தபடி போனால், ஸ்விஃப்ட்டும் இன்னோவாவும் நிற்கும் வரிசையில் இப்போ புதுசா ஒரு வகை வண்டி கண்ணில் படுகிறது. பென்ஸ், ஆடி, ஜாகுவார், பிஎம்டபிள்யூ எலெக்ட்ரிக் கார்கள். பச்சை நம்பர் பிளேட். புதுசா வாங்கும்போது ஒரு கோடி, இப்போ பாதி விலைக்குப் பக்கத்தில்.

"பெட்ரோல் செலவே கிடையாது, பென்ஸ் கார், ஃபார்ச்சூனர் விலையில கிடைக்குது... வாங்கலாமா?" இதுதான் பலருடைய கேள்வி. வாங்கலாம். ஆனால் என்ன பார்த்து வாங்கணும், எது ரிப்பேரானால் எவ்வளவு செலவாகும் என்பது தெரியாமல் வாங்கினால், மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு மொத்தமும் ஒரே ஒரு சர்வீஸ் பில்லில் போய்விடும். அதுவும் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, வேளச்சேரி மாதிரி மழை என்றாலே தண்ணீர் நிற்கும் ஏரியாக்களில் இருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

எந்தெந்த கார்கள் இப்போ மார்க்கெட்டில் இருக்கு?

இந்தியாவில் சொகுசு எலெக்ட்ரிக் கார்களின் கதை 2020 அக்டோபரில் மெர்சிடீஸ் பென்ஸ் ஈக்யூசி வந்ததில் இருந்து தொடங்குகிறது. அப்போது ஷோரூம் விலை 99.30 லட்சம் ரூபாய். 2021 மார்ச்சில் ஜாகுவார் ஐ-பேஸ் 1.06 கோடிக்கு வந்தது. அதே வருடம் ஜூலையில் ஆடி இ-ட்ரான் 99.99 லட்சத்தில் தொடங்கியது. டிசம்பரில் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ், 1.16 கோடி. இந்த நாலும் முழுசா வெளிநாட்டில் தயாராகி, கப்பலில் வந்து இறங்கிய கார்கள்.

2022ல் பிஎம்டபிள்யூ ஐ4, வோல்வோ எக்ஸ்சி40 ரீசார்ஜ், கியா ஈவி6, 2023ல் ஹூண்டாய் ஐயோனிக் 5 என விலை கொஞ்சம் இறங்கி வந்தது. ஐயோனிக் 5 நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஹூண்டாய் ஆலையிலேயே பூட்டப்படுகிறது. செங்கல்பட்டு மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் 2025ல் இருந்து ஐஎக்ஸ்1 எலெக்ட்ரிக் தயாராகிறது. தாம்பரத்தில் இருந்து ஜிஎஸ்டி ரோட்டில் நேராகப் போனால் அந்த ஆலை. ஆனால் பக்கத்தில் ஆலை இருக்கு என்பதற்காக எல்லா பிஎம்டபிள்யூ எலெக்ட்ரிக் காருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் உடனே கிடைக்கும் என்று நினைத்துவிடாதீங்க. ஐஎக்ஸ், ஐ4 இரண்டும் இறக்குமதி. பாகம் ஜெர்மனியில் இருந்துதான் வர வேண்டும்.

இன்னொரு விஷயம். ஈக்யூசி உற்பத்தி 2023லேயே நின்றுவிட்டது. ஜாகுவார் ஐ-பேஸும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆடி இ-ட்ரான் தயாரான பிரஸ்ஸல்ஸ் ஆலை 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. நிறுவனங்கள் ஸ்பேர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒரு பம்பர் மூலைக்கும் ஒரு ஹெட்லைட்டுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்கும் வாய்ப்பு, நிறுத்தப்பட்ட மாடலில் அதிகம்.

எல்லோரும் பயப்படுவது பேட்டரிக்கு. அந்தப் பயம் சரியா?

பாதி சரி, பாதி தப்பு.

பேட்டரி சட்டென்று செத்துப்போகும் என்ற பயம் பெரும்பாலும் தப்பு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான எலெக்ட்ரிக் கார்களின் தகவல்களை வைத்து ஜியோடாப் என்ற நிறுவனம் 2024ல் வெளியிட்ட ஆய்வில், பேட்டரியின் கொள்ளளவு வருடத்துக்கு சராசரியாக 1.8 சதவீதம்தான் குறைகிறது என்று சொல்லியிருந்தது. அந்தக் கணக்குப்படி 5 வருட காரில் 9 சதவீதம் போயிருக்கும். சென்னை வெயிலில், திறந்த வெளியில், எப்போதும் 100 சதவீதம் சார்ஜில் நிறுத்தி வைத்த கார் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகம் போயிருக்கும். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

பெரும்பாலான சொகுசு பிராண்டுகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.60 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருதோ அதுவரை வாரண்டி தருகின்றன. இந்த 8 வருடம் நீங்க வாங்கிய தேதியில் இருந்து கிடையாது. முதல் ஓனர் வாங்கிய நாளில் இருந்து ஓடத் தொடங்கிய கணக்கு. 2021 மார்ச்சில் ரோட்டுக்கு வந்த கார் என்றால் 2029 மார்ச்சோடு முடிந்துவிடும். அந்த வாரண்டி இரண்டாவது ஓனருக்கும் செல்லுமா என்பதை, சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். கன்சல்டிங் காரர் வாயால் சொல்வது போதாது.

பயம் சரியாக இருக்கும் இடம் விலைதான். மூணு சம்பவம் பாருங்க.

2021 டிசம்பரில் பின்லாந்தில் ஒருத்தர் தன்னுடைய 2013 மாடல் டெஸ்லா காரை 30 கிலோ டைனமைட் வைத்து வெடித்துத் தகர்த்தார். காரணம், பேட்டரி மாற்ற 20 ஆயிரம் யூரோவுக்கு மேல், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 17 லட்சம் ரூபாய் ஆகும் என்று சொன்னது. அந்த வீடியோ உலகம் முழுக்க வைரல் ஆனது நினைவிருக்கலாம்.

2023ல் கனடாவில் ஒரு ஐயோனிக் 5 ஓனருக்கு, அடியில் பேட்டரி பெட்டியில் சேதம் ஏற்பட்டதால் புது பேட்டரிக்கு 60 ஆயிரம் கனடா டாலருக்கு மேல் கொட்டேஷன் வந்தது. நம்ம காசுக்கு சுமார் 37 லட்சம். புது காரின் விலையே அதைவிடக் குறைவு. இன்சூரன்ஸ் நிறுவனம் காரையே மொத்த நஷ்டம் என்று எழுதிவிட்டது.

அதே 2023ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கனமழைக்குப் பிறகு ஒரு டெஸ்லா ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிக்குள் தண்ணீர் போய்விட்டது, வாரண்டியில் வராது என்று சொல்லி 17,374 பவுண்டு, சுமார் 17.5 லட்சம் ரூபாய் பில் போட்டார்கள். இந்த மூணாவது சம்பவம்தான் நம்ம ஊருக்கு முக்கியம். அதுக்குக் கீழே வருவோம்.

அப்போ உண்மையில் பேட்டரி விலை என்ன? உலக சந்தையில் 2024ல் லித்தியம் பேட்டரி பேக்கின் சராசரி விலை ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர் என்று ப்ளூம்பெர்க் கணக்கு சொல்கிறது. 80 யூனிட் பேட்டரி என்றால் 9,200 டாலர். அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்குள் வந்தது. ஆனால் இது ஆலைகள் மொத்தமாக வாங்கும் விலை. சர்வீஸ் சென்டர் பில்லில் இறக்குமதி வரி, 18 சதவீத ஜிஎஸ்டி, கப்பல் செலவு, கம்பெனி லாபம், லேபர் எல்லாம் ஏறும்போது அது பல மடங்காகிவிடும். அதனால் வாங்கப் போகும் மாடலுக்கு முழு பேட்டரி விலை எவ்வளவு என்று சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே எழுதி வாங்கிப் பாருங்கள். அந்தத் தொகையையும் நீங்க கொடுக்கப் போகும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஒரு ஆறுதல்: எல்லா பேட்டரி கோளாறுக்கும் முழு பேட்டரியை மாற்ற வேண்டியதில்லை. ஆடி இ-ட்ரான் 55, ஜாகுவார் ஐ-பேஸ் இரண்டிலும் 36 மாட்யூல்கள் இருக்கின்றன. ஒன்று இரண்டு பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியும். "மாட்யூல் மட்டும் மாத்துவீங்களா, இல்ல மொத்தமா மாத்தச் சொல்வீங்களா?" என்பது சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டிய கேள்வி.

பேட்டரி எவ்வளவு நல்லா இருக்கு? நாமே பார்க்கலாமா?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துத் தருவார்கள். அதுதான் முதல் வழி. விற்பவர் "அதெல்லாம் எதுக்கு சார், மீட்டர்ல ரேஞ்ச் பாருங்க" என்றால் சந்தேகப்படுங்கள். மீட்டரில் தெரியும் ரேஞ்ச், கடைசியாக எப்படி ஓட்டினார்கள் என்பதை வைத்து மாறும். மெதுவாக ஓட்டி ஓட்டி அதை ஏற்றிக் காட்டலாம்.

இன்னொரு வழி, கொஞ்சம் பொறுமை வேண்டும். காரை 20 சதவீதத்துக்கு இறக்கி, ஜிஎஸ்டி ரோட்டிலோ ஓஎம்ஆரிலோ இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜருக்கு எடுத்துப் போங்கள். 80 சதவீதம் வரை ஏற்றுங்கள். எத்தனை யூனிட் ஏறியது என்று சார்ஜர் திரையில் காட்டும்.

உதாரணத்துக்கு ஈக்யூசி. அதன் பேட்டரி 80 யூனிட். 20ல் இருந்து 80 என்றால் 60 சதவீதம், புது காரில் 48 யூனிட் ஏற வேண்டும். இப்போ 42 யூனிட்தான் ஏறியது என்றால், 42ஐ 0.6ஆல் வகுத்தால் 70 வரும். 80க்கு 70, அதாவது 87.5 சதவீதம் ஹெல்த். பேட்டரியைக் குளிர்விக்கவும் கொஞ்சம் கரண்ட் போகும் என்பதால் உண்மையான அளவு இதைவிட ஓரிரு சதவீதம் குறைவாகவே இருக்கும். 85 சதவீதம் பக்கத்தில் என்றால் 5 வருட காருக்கு மோசமில்லை. 75க்குப் பக்கம் என்றால், விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பல கம்பெனிகள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வாரண்டியில் மாற்றித் தருவார்கள். 71ல் நிற்கும் கார் யாருக்கும் வேண்டாத கார்.

மற்ற மாடல்களுக்கும் கணக்கு போட: ஐ-பேஸில் பயன்படுத்தக்கூடிய அளவு 84.7 யூனிட், ஐஎக்ஸ் 40 மாடலில் 71, ஐ4 40 மாடலில் 80.7.

ரோட்டில் நிறுத்துவது பெரிய பேட்டரி இல்லை, சின்ன பேட்டரி

எலெக்ட்ரிக் காரிலும் பெட்ரோல் கார் மாதிரி ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவு லாக், கம்ப்யூட்டர், திரை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பெரிய பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தும், இந்தச் சின்னது இறங்கிப்போனால் கார் கண்ணைத் திறக்காது. வெளிநாட்டுக்குப் போன ஓனர் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் இது சகஜம். புது ஏஜிஎம் பேட்டரி தோராயமாக 15 ஆயிரம் முதல் 30 ஆயிரம் ரூபாய். சொகுசு எலெக்ட்ரிக் காரில் வரக்கூடிய செலவுகளிலேயே இதுதான் சின்னது. அதனால், நாலு வருடத்துக்கு மேலான கார் என்றால் வாங்கிய உடனே மாற்றிவிடுவது நல்லது.

ஆனால் சின்ன பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால், கோளாறு அதை சார்ஜ் செய்யும் பாகத்தில் இருக்கலாம். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6 கார்களில் உலகம் முழுக்க பேசப்பட்ட ஐசிசியு பிரச்சனை இதுதான். சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் அந்த யூனிட் பழுதானால் 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் போகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை வந்து வேகம் குறையும், கடைசியில் வண்டி நின்றுவிடும். ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் சாயங்கால டிராஃபிக்கில் இப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவிலும் இதுக்காக ரீகால் அறிவித்தார்கள். 2024 ஜூனில் ஹூண்டாய் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 ஜூலையில் கியா 1,138 ஈவி6 கார்களையும், 2025 பிப்ரவரியில் மறுபடியும் 1,380 கார்களையும் அழைத்தது. பார்த்துச் சரி செய்வது ஓனருக்கு இலவசம். நீங்க வாங்கப் போகும் காருக்கு அந்த வேலை நடந்திருக்கா என்பதை சேஸிஸ் நம்பரை வைத்து கம்பெனியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஜாகுவார் ஐ-பேஸ் விஷயம் இன்னும் சீரியஸ். பேட்டரி தீப்பிடிக்கும் அபாயத்துக்காக அமெரிக்காவில் 2023ல் ரீகால் வந்தது. 2024ல் அங்கே 2019 மாடல் கார்களை 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், வீட்டைவிட்டுத் தள்ளி வெளியில் நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். பிறகு அந்த கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார்கள். இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021ல் இருந்துதான். இருந்தாலும் ஐ-பேஸ் வாங்குபவர்கள், அந்த குறிப்பிட்ட சேஸிஸ் நம்பருக்கு ஏதாவது ரீகால் பாக்கி இருக்கா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

வாரண்டியில் வராத பெரிய செலவுகள்

பலரும் ஏமாறும் இடம் இது. பேட்டரிக்கு 8 வருட வாரண்டி இருக்கு என்று கேட்டதும் காருக்கே 8 வருட வாரண்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படிக் கிடையாது. மற்ற பாகங்களுக்கான வாரண்டி பிராண்டைப் பொறுத்து ரெண்டு, மூணு, அஞ்சு வருடங்களில் முடிந்துவிடும். கூடுதல் காசு கட்டி வாரண்டியை நீட்டியிருந்தால்தான் உண்டு.

காருக்குள் இருக்கும் சார்ஜர், அதாவது வீட்டுக் கரண்ட்டை பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றும் பெட்டி, பழுதானால் பில் லட்சங்களில்தான் பேசும். புறநகரில் வோல்டேஜ் ஏறி இறங்குவதும், எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டும் இதுக்கு எதிரிகள். கார் வாங்கும்போது ஃபாஸ்ட் சார்ஜரில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீங்க. ஃபாஸ்ட் சார்ஜிங் இந்தப் பெட்டி வழியாகப் போகாது, நேராக பேட்டரிக்குப் போய்விடும். வீட்டு சார்ஜரிலும் குறைந்தது அரை மணி நேரம் போட்டுப் பார்த்தால்தான் பெட்டி வேலை செய்யுதா என்று தெரியும்.

மோட்டாரில் தேயும் பாகம் குறைவு என்பது உண்மை. ஆனால் மோட்டாரைக் குளிர்விக்க கூலன்ட் ஓடுகிறது. அதன் சீல் கசிந்து கூலன்ட் உள்ளே போனால் மொத்த டிரைவ் யூனிட்டும் போய்விடலாம். ஆடி இ-ட்ரானில் இந்தக் கசிவைப் பிடித்து வைக்க மோட்டாரோடு சின்ன தொட்டியே வைத்திருக்கிறார்கள், சர்வீஸில் அதைப் பார்க்க வேண்டும். சர்வீஸ் ஹிஸ்டரி இல்லாத இ-ட்ரானை வாங்க யோசிப்பதற்கு இது ஒன்றே போதும். "எலெக்ட்ரிக் காருக்கு சர்வீஸே தேவையில்ல" என்று சொல்லி இரண்டு வருடம் சர்வீஸ் விடாத ஓனர்கள் நிறைய.

அப்புறம் சொகுசு காருக்கே உரிய செலவுகள். இ-ட்ரானில் ஏர் சஸ்பென்ஷன் இருக்கு. ஒரு பக்கத்து ஏர் ஸ்ட்ரட் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும். ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தால் அது கசிவு. எல்இடி ஹெட்லைட் உடைந்தால் அதுவும் லட்சக்கணக்கில். 20 அங்குல டயர் ஒன்று தோராயமாக 25 ஆயிரத்தில் இருந்து 40 ஆயிரம். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள, எடுத்த உடனே பாயும் கார் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். நாலையும் மாற்றினால் ஒரு லட்சத்துக்கு மேல் தயாராக இருங்கள்.

பிரேக் பேட் மட்டும் நீண்ட நாள் வரும். காலை எடுத்தாலே மோட்டார்தான் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடல் காற்றில் நின்ற கார் என்றால், பயன்படாத பிரேக் டிஸ்க்கில் துரு ஏறியிருக்கும். குனிந்து பார்த்தாலே தெரியும்.

எலியையும் மறக்க வேண்டாம். காலி மனைக்குப் பக்கத்தில் நிற்கும் கார் என்றால் ஒயரிங்கைக் கடித்து வைத்திருக்கும். எலெக்ட்ரிக் காரில் அந்த ஒயரிங் முழு செட்டாக மாற்றச் சொல்வார்கள்.

மழையில் நின்ற காரைக் கண்டுபிடிப்பது எப்படி?

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரத்தில் அடையாறு ஊருக்குள் வந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். அப்போது சொகுசு எலெக்ட்ரிக் கார் இங்கே கிடையாது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி அடித்துச் செல்லப்பட்ட வீடியோ வந்தபோது நிலைமை வேறு. ஈக்யூசியும் இ-ட்ரானும் ரோட்டுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களை ரிப்பேர் செய்ய ஆகும் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை மொத்த நஷ்டமாகக் கணக்கிடும். அந்த வண்டி பிறகு ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, காய வைத்து, சீட் மாற்றி, பாலிஷ் போட்டு விற்பது புது விஷயம் இல்லை. பெட்ரோல் காரில் இப்படி நடந்தால் இன்ஜினோடு போகும். எலெக்ட்ரிக் காரில் என்ன ஆகும்?

பேட்டரி பெட்டி தண்ணீர் புகாதபடிதான் செய்யப்படுகிறது. பொதுவாகச் சொல்லப்படும் ஐபி67 தரம் என்பது, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான். நம்ம ஏரியாவில் தண்ணீர் வடிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவும் வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடை கலந்தது. கனெக்டர்களில் ஏறிய ஈரம் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் பச்சை பிடித்து வேலையைக் காட்டும். அப்போது திரையில் இன்சுலேஷன் கோளாறு என்று எச்சரிக்கை வரும், கார் ஸ்டார்ட் ஆகாது. வெள்ளச் சேதம் பேட்டரி வாரண்டியில் வராது. அதுதான் எடின்பரோவில் நடந்தது.

பார்க்க வேண்டிய இடங்கள்: சீட் பெல்ட்டை கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் மண் கோடு இருக்கா என்று பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள், ஈரமோ நாற்றமோ இருக்கக் கூடாது. சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு ஏறியிருந்தால் கேள்வி கேளுங்கள். ஏசியை முதலில் போடும்போது வரும் வாசனையை கவனியுங்கள். காரை லிஃப்ட்டில் ஏற்றி, ஆரஞ்சு நிற ஒயர்கள் சேரும் இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒயரைத் தெரு முனை எலெக்ட்ரீஷியனை வைத்துத் தொட வைக்காதீங்க. உயிரைப் பறிக்கும் மின்சாரம் அது, பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கழற்ற வேண்டும்.

இதையெல்லாம்விட உறுதியான ஒன்று பேப்பரில் இருக்கு. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பாக 2023 டிசம்பருக்குப் பிறகு புதுப்பித்த பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று போட்டிருக்கும். கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் ஓடினால் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50. மூணு வருடமாக ஒரே ஓனரிடம் இருக்கும் காரில் திடீரென்று போனஸ் பூஜ்ஜியம் ஆகியிருந்தால், அதுக்கு முந்தைய வருடத்தில் கிளெய்ம் நடந்திருக்கு என்று அர்த்தம். எதுக்குக் கிளெய்ம் என்று கேளுங்கள். கண்ணாடி உடைந்ததா, கார் மிதந்ததா? சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்த மாதங்களில் என்ன எழுதியிருக்கு என்றும் ஒத்துப் பாருங்கள்.

அடியில் இடித்த காயமும் இதே அளவு முக்கியம். இந்த கார்களில் பேட்டரி தரையோடு பரவிக் கிடக்கும். செலையூர், மாடம்பாக்கம் உள் தெருக்களில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர்கள் யார் அளந்து போட்டது என்று தெரியாது. மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலைப் பள்ளம் வேறு. பேட்டரி பெட்டியின் அடித்தகட்டில் நசுங்கல் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கனடா சம்பவம் அங்கேதான் தொடங்கியது.

இன்சூரன்ஸில் எதைச் சேர்க்கணும்?

சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீத தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். 20 லட்சம் ரூபாய் பேட்டரிக்கு அந்த 50 சதவீதத்தைக் கழித்தால் உங்க கையில் இருந்து 10 லட்சம். அதனால் ஜீரோ டிப்ரிஸியேஷனும், எலெக்ட்ரிக் கார்களுக்கென்று தனியாக விற்கும் பேட்டரி பாதுகாப்பு கவரும் இரண்டும் வேண்டும். பேட்டரி கவரில் தண்ணீர் புகுந்தால் வருமா, எலி கடித்தால் வருமா என்று படித்துப் பாருங்கள். கார் பழசாக ஆக, ஜீரோ டிப் தர சில நிறுவனங்கள் மறுக்கும். காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இந்த கவர் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருடையது.

காப்பீட்டு மதிப்பு 4 முதல் 5 வயது காருக்கு புது விலையில் பாதி. ஒரு கோடி காருக்கு 50 லட்சம். அதில் 75 சதவீதம் 37.5 லட்சம். பேட்டரி கொட்டேஷன் இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வந்தால், ரிப்பேர் செய்யாமல் மொத்த நஷ்டம் என்று முடித்துவிடும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் சார்ஜ் போட முடியுமா?

15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறினால், 80 யூனிட் பேட்டரி நிரம்ப 27 மணி நேரம் ஆகும். தினமும் 50 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ராத்திரி சார்ஜ் அதிலேயே போதும். 11 கிலோவாட் சார்ஜர் போட வேண்டும் என்றால் த்ரீ ஃபேஸ் இணைப்பு தேவை, மின்வாரியத்தில் லோடு ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் சம்மதமும் வேண்டும். சார்ஜ் பாயின்ட்டை தரையில் இருந்து நல்ல உயரத்தில் வையுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் காரை மேட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கவோ, சார்ஜ் போட்டுப் பார்க்கவோ கூடாது. சாதாரண ரிக்கவரி வண்டியில் இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் கூடாது, சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும். ஃப்ளாட் பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

பேப்பர் வேலையும் வரியும்

டிஎன் 11 தாம்பரம், டிஎன் 14 சோழிங்கநல்லூர், டிஎன் 22 மீனம்பாக்கம் என எந்த ஆர்டிஓ பதிவாக இருந்தாலும் ஃபாரம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றம் செய்யணும். லோன் இருந்தால் ஃபாரம் 35. பெங்களூரு, டெல்லி பதிவு கார் என்றால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி இல்லாமல் பணம் கொடுக்காதீங்க. 2023 ஏப்ரலில் இருந்து பழைய கார் விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

பழைய எலெக்ட்ரிக் காருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தபோது பெரிய குழப்பம் வந்தது. அது முழு விலைக்குக் கிடையாது. ஜிஎஸ்டி பதிவு செய்த டீலர் 40 லட்சத்துக்கு வாங்கி 45 லட்சத்துக்கு விற்றால், 5 லட்ச லாபத்துக்கு மட்டும் 18 சதவீதம், 90 ஆயிரம். ஒரு தனிநபரிடம் இருந்து இன்னொரு தனிநபர் நேரடியாக வாங்கினால் இந்த வரி இல்லை.

வெள்ளத்தில் மூழ்கியதையோ விபத்தையோ மறைத்து டீலர் விற்றது பிறகு தெரிந்தால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, சர்வீஸ் சென்டரின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு என்றால், கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும், அதுக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்துக்கும் போக வேண்டும். பிரச்சனை தொடங்கிய நாளில் இருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கணும்.